வளையங்களுக்கு நடுவே பச்சை

எனக்கு வாய் நீளம். நகரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய் பூட்டுப் போட்டது மாதிரி இரண்டு நாள் கிடந்தது என் ஆயுசில் ஒரே ஒரு முறைதான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்ராஸ்கோப் ஆபரேட்டராக இருக்கிறேன். டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது, எம்.எஸ்சி. பிசிக்ஸ். ரேணிகுண்டாவிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் போய்வருகிறேன். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஆபரேட்டர் என்றால் லிப்ட் ஆபரேட்டரா என்று ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் கேட்டாள். அன்றைக்கு நான் பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டேன்.

நான் பார்த்துக்கொள்கிற மைக்ராஸ்கோப் சாதாரணமானது இல்லை. வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்குக்குள் இரண்டு பொருள் நெருங்கி இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே மங்கலாகத்தான் அது காட்டும். லென்ஸை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இதுதான் கதி என்று நூறு வருஷத்துக்கு மேல் எல்லாரும் கையை விரித்துவிட்டிருந்தார்கள். அப்புறம்தான் ஒரு வழி பிறந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக "உள்ளேன் ஐயா" என்று கத்தினால் யார் எங்கே என்று தெரியாது. ஒவ்வொருவராகச் சொன்னால் தெரியும். அதே மாதிரி, செல்லுக்குள் பார்க்க வேண்டிய புரதத்தின் மேல் ஒளிரும் சாயத்தை ஒட்டி, எல்லாம் ஒன்றாக ஒளிராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிமிட்டும்படி செய்துவிடுவது. தனியாகச் சிமிட்டுகிற புள்ளி மங்கலாக இருந்தாலும் அதன் நடு எங்கே என்று கம்ப்யூட்டர் கணித்துவிடும். ஆயிரக்கணக்கில் படம் எடுத்து அந்த நடுக்களை மட்டும் ஒரே படத்தில் குத்தினால், இதுவரை யாரும் பார்க்காதது தெரியும்.

தெரிந்ததில் ஒன்றுதான் நரம்புச் செல்லின் வளையங்கள். நரம்புச் செல்லுக்கு நீளமாக ஒரு வால் உண்டு. அதற்குள் ஆக்டின் என்கிற புரதம் நார்நாராக நீளவாக்கில் ஓடுகிறது என்றுதான் நான் படித்த காலத்தில் படம் போட்டிருந்தார்கள். இந்த முறையில் பார்த்த பிறகுதான் அது வளையம் வளையமாக, அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளியில், வாலின் நீளத்துக்கும் அடுக்கியிருப்பது தெரிந்தது. வாஷிங் மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற குழாய் இருக்கிறதே, அந்த மாதிரி. எங்கள் மெஷினில் முதல் தடவை அந்த வளையங்கள் வந்த அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லார் தலைக்குள்ளும் பிறந்தது முதல் இருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருந்தேன், காய்கறிக்காரி உட்பட.

இந்த வளையங்களை வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யவந்தவள் ஒரு பெண். குப்பம் டவுனுக்குப் பக்கம் குடுபல்லி அவள் ஊர். அவள் தாத்தா காலத்தில் காணி நிலம் கிடையாது. இப்போது அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் தக்காளி வைக்கிறார்கள், மீதி நாள் கூலிக்குப் போகிறார்கள். நிலையத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான் ஓடும். தமிழில் சண்டை போட எனக்குக் கிடைத்தது அவள் ஒருத்திதான். முதல் நாளே நெற்றியில் விபூதியோடு மைக்ராஸ்கோப் அறைக்கு வந்தாள். தூள் உதிர்ந்தால் யார் பதில் சொல்வது என்று பிடித்துக்கொண்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இப்போ உள்ளே வரலாமா, இல்லை குளித்துவிட்டு வரணுமா என்று கேட்டாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அவளுடைய கேள்வி இது: ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் இன்னொரு புரதம் உட்கார்ந்திருக்கிறதா? வளையத்துக்குச் சிவப்புச் சாயம், அந்தப் புரதத்துக்குப் பச்சை. சிவப்பு ஒவ்வொரு தடவையும் அழகாக வந்தது. பச்சை மட்டும் மூன்று வருஷம் இருட்டாகவே இருந்தது. சாயத்தை மாற்றினாள், மருந்தை மாற்றினாள், செல்லை மாற்றினாள். ஐந்தாம் வருஷமும் வந்துவிட்டது. மார்ச்சோடு உதவித்தொகை நிற்கும். அதற்குள் ஒரு கட்டுரையாவது போகவில்லையென்றால் பட்டம் இல்லை. குப்பத்தில் ஏதாவது ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தப் போக வேண்டியதுதான். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு, படிப்பு எப்போ முடியும் என்று மாதம் ஒரு தடவை கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அப்போது ஆயுத பூஜை வந்தது. நகரியில் எங்கள் நைனா பவர்லூம் வைத்திருக்கிறார். பூஜை அன்று ஷெட்டில் ஒரு சாமானைக் கூட விடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தறிக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை விட்டால், கத்தரிக்கோல் வருஷம் பூரா முறைத்துக்கொண்டு நிற்குமாம். எண்ணெய்க் குப்பி, ஸ்பேனர், சுவிட்ச் போர்டு, சைக்கிள் பம்பு எல்லாவற்றுக்கும் மஞ்சள், அதன் மேல் குங்குமம். நிலையத்திலும் பூஜைக்குத் தடை கிடையாது. ஜெனரேட்டருக்கும் பஸ்ஸுக்கும் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். மைக்ராஸ்கோப் அறைக்கு மட்டும், கதவுக்கு வெளியே ஒரு பொட்டு, உள்ளே எதுவும் கூடாது என்று நானே விதி போட்டு வைத்திருந்தேன்.

அந்த வருஷம் என் விதியை நானே மீறினேன். அந்தப் பெண்ணுக்காகத்தான். இத்தனை சாமானில் எது முறைத்துக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது? சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போதும் நான் ஒன்றும் புத்தி இல்லாதவள் இல்லை. லென்ஸ் பக்கம் போகவே இல்லை. மேஜைக் காலில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்து அறை. செல் வளர்க்கிற பெட்டி, இடுக்கி டப்பா, தண்ணீர்க் கேன். கடைசியாகக் கவர்ஸ்லிப் ஜாடி. செல்லை மெல்லிய கண்ணாடிச் சில்லின் மேல்தான் வளர்க்க வேண்டும். அதற்குப் பெயர் கவர்ஸ்லிப். அந்தச் சில்லுகளை ஒரு ஜாடியில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருப்போம். ஜாடி மூடியில் நூல் மாதிரி ஒரு விரிசல் இருந்தது. புது மூடி வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்து இரண்டு தடவையும் வரவில்லை. அந்த மூடியின் மேல், விரிசலையும் சேர்த்து மறைக்கிற மாதிரி, பெரிய பொட்டாகவே வைத்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் பச்சை வந்தது. சிவப்பு வளையங்களுக்கு நடு நடுவே பச்சைப் புள்ளிகள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பூஜை போட்டேன் பார், மெஷின் கண் திறந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்; வேறு யாரும் சொல்லவில்லை. மேடம், அதாவது அவளுடைய பேராசிரியை, சாமானியத்தில் சிரிக்கிற ஆள் இல்லை. அவரே படத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். சில இடத்தில் பச்சை, வாலுக்கு வெளியேயும் விழுந்திருந்தது. அதைப் பின்னணிக் குப்பை என்று ஒதுக்கி, படத்தை வாலின் ஓரத்தோடு வெட்டிக்கொண்டோம். செல்லும் சாயமும் போடாமல் வெறும் கண்ணாடியை எடுத்துப் பார்க்கிற சோதனைப் படம் ஆகஸ்டிலேயே எடுத்து வைத்திருந்தாள். அது சுத்தமாக இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவள் அம்மா ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். உலகத்தில் யாருமே பார்க்காத ஒன்றைத் தன் மகள் பார்த்திருக்கிறாள் என்று தக்காளி மண்டி வரைக்கும் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் பட்டம் வரும்வரை பொறுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் கட்டுரையை எழுத ஆரம்பித்தாள். மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை, ஜாடியில் சில்லு தீர்ந்துபோயிருந்தது. கழுவிப் புதிதாகப் போடலாம் என்று மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. விரிசல் வழியாக இறங்கியிருக்கிறது. ஸ்பிரிட் ஆவி மேலே போய்ப் படிந்து, மஞ்சளைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக மறுபடி ஜாடியிலேயே விழுந்திருக்கிறது. மூன்று மாதமாக. மஞ்சளை நீல ஒளியில் வைத்தால் பச்சையாக ஒளிரும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சில்லை எடுத்துச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் நீல ஒளி போட்டுப் பார்த்தேன். பச்சை, பொட்டுப் பொட்டாக.

அப்படியானால் வளையத்துக்கு நடுவில் மட்டும் எப்படி விழுந்தது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அதற்கும் பதில் சுலபம். வளையம் மெல்லியது, இடைவெளி அகலம். கண்ணை மூடிக்கொண்டு எள்ளை இறைத்தாலும் முக்கால்வாசி இடைவெளியில்தான் விழும். நடுவில் விழுந்ததைக் கண்டுபிடிப்பு என்றோம், வெளியே விழுந்ததைக் குப்பை என்றோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அதுவும் அவளுக்காக என்று நான் பிடித்த பிள்ளையார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூடியைக் கழுவி வெயிலில் காயவைத்தேன், கொலைகாரி கத்தியைக் கழுவுகிற மாதிரி. வீட்டில் அவரிடம் மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறார். எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்.

"வாய மூடிக்கினு இரு. மார்ச்சு வர்து," என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மார்ச்சில் என் ஒப்பந்தம். கையெழுத்துப் போட வேண்டியவர் மேடம். தூள் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவளே மஞ்சளைக் கொண்டுபோய் அப்பினாள் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அதைவிடப் பயம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத்தான். இரண்டு நாளும் அவள் வருகிற நேரம் பார்த்துக் கேன்டீனுக்குப் போய்விடுவேன். அவள் டிபன் டப்பாவில் எனக்கென்று ஒரு பங்கு லெமன் ரைஸ் வைத்துவிட்டுப் போயிருந்தாள். என்னால் அதை விழுங்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் மேஜைக்குப் போனேன். கட்டுரைக்குக் கடைசிப் படத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். மறுநாள் அனுப்புவதாக இருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூஜை, ஜாடி, விரிசல், நீல ஒளி.

"அது மஞ்சள்டி. நான் வெச்ச மஞ்சள்," என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லேப்டாப்பில் ஏதோ தேடினாள். ஒரு படத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். கறுப்பு, அதில் பச்சைப் புள்ளிகள். வளையம் இல்லை, வால் இல்லை, எதுவும் இல்லை. தேதி டிசம்பர் மாதத்தது.

"இது இன்னா?"

"வெறும் கண்ணாடி கா. செல்லே போடல."

டிசம்பரில் மேடம் அவளிடம் சோதனைப் படத்தை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார், கட்டுரையைப் பரிசோதிக்கிறவர்கள் கேட்பார்கள் என்று. நான் ஒரு கல்யாணத்துக்காக லீவில் இருந்த நாள். அவளே மெஷினை ஓட்டி எடுத்திருக்கிறாள். வெறும் கண்ணாடியில் பச்சை வந்திருக்கிறது. எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுக்குக் கண்ணாடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டுரையில் ஆகஸ்டுப் படத்தையே வைத்துவிட்டாள். இந்தப் படத்தை யாரும் திறக்காத ஒரு போல்டரில் போட்டுவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். என்னோடு டீ குடித்திருக்கிறாள், எனக்கு லெமன் ரைஸ் வைத்திருக்கிறாள்.

"நீங்க வந்து சொல்லலன்னா நாளைக்கு அனுப்பி இருப்பன் கா," என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஓங்கி ஓர் அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. ஐந்து வருஷம் படித்தவள், தெரிந்தே செய்யலாமா? அப்புறம், வெயிலில் காயவைத்த மூடி ஞாபகத்துக்கு வந்தது. நான் இரண்டு நாள், அவள் ஒரு மாதம். அவளுக்கு இழக்க என்னைவிட அதிகம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மறைத்ததுதான் மறைத்தாய், அந்தப் படத்தை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன்.

"அழிக்கவும் கை வரல. காட்டவும் வாய் வரல," என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

இரண்டு பேரும் சேர்ந்தே மேடத்தின் அறைக்குப் போனோம். மேடம் முதலில் வெறும் கண்ணாடிப் படத்தைப் பார்த்தார், அப்புறம் ஜாடி மூடியைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். தெலுங்கில் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. அந்தப் பெண்ணை அவர் திட்டவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கட்டுரை நின்றது, அதோடு பட்டமும் தள்ளிப்போனது. என் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு வருஷம் பொறுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு இருந்தது.

பெட்டி பிரிக்காத புதுக் கண்ணாடி, புது ஜாடி, புது ஸ்பிரிட். செல் வளர்ந்து தயாராக மார்ச் கடைசி ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு துளி நம்பிக்கை மிச்சம் இருந்தது. மஞ்சள் போனாலும், அடியில் உண்மையான பச்சை கொஞ்சம் இருந்தால்? இருக்கலாமே? மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். சிவப்பு புள்ளி புள்ளியாகச் சேர்ந்து வளையங்கள் வந்தன, எப்போதும் போல ஒரே இடைவெளியில். பச்சைக்கு மாற்றினாள். இருட்டு. கடைசிப் படம் முடியும்வரை இருபது நிமிஷம் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு கண்ணாடி வைத்தாள். அதிலும் இருட்டு. மூன்றாவதிலும். வளையங்களுக்கு நடுவே அவள் தேடிய புரதம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு அதுதான் பதில். அந்தப் படங்களுக்குத் தேதி போட்டு, வெறும் கண்ணாடிப் படத்தையும் அதே போல்டரில் கொண்டுவந்து சேர்த்து, மேடத்துக்கு அனுப்பினாள்.

வெளியே வந்து கேன்டீன் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, பெஞ்சின் மேல் ஸ்பீக்கரில் வைத்தாள். இரண்டு கையும் முகத்தைத் துடைப்பதில் இருந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஜாடியை யார் தொட்டார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் தக்காளி தரம் பிரிக்கிற சத்தம் நின்றது.

"ஊரு பூரா சொல்லிக்கினு வந்தனேம்மா," என்றார் அம்மா.

"தப்பா பாத்துட்டன்னு சொல்லும்மா."

போன் கட்டாகிவிட்டதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

"செரி. யார்னா கேட்டா சொல்றன்."

"கேக்காட்டியும் சொல்லும்மா," என்றாள்.